மீனை விடுதல்

12-2-1995, ஞாயிறு

எனக்கும் ஓர் இருதயம் இருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது. ஐம்பத்து மூன்று வருடம் சத்தம் போடாமல் வேலை பார்த்த சிப்பந்தி, திடீரென்று ஒருநாள் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. தாம்பரத்தில் அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகை மெய்ப்பின் மேலேயே சாய்ந்துவிட்டேனாம். ‘நிகழும் மங்களகரமான’ என்ற வரி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்ததாக முதலாளி எல்லோரிடமும் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

இப்போது பொழிச்சலூர் வீட்டில் ஓய்வு. ஜன்னல் வழியாகச் சித்தேரிக் கரை தெரிகிறது. விமான நிலையம் பக்கத்திலேயே, தலைக்கு மேல் விமானங்கள் போகின்றன. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஆட்டுக்கறி கூடாது, மீன் சாப்பிடலாம் என்றார். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்ததில் ஒன்று தெரியும்: தனக்கோடி காதில் கடைசி இரண்டு வார்த்தைதான் விழுந்திருக்கும். அனகாபுத்தூர்க்காரி, அடையாற்றங்கரையில் பிறந்தவள். புதன்கிழமைதோறும் விரால் கொண்டுவரும் பொன்னியம்மாளுக்கு இன்றைக்கே சொல்லியனுப்பிவிட்டாள்.

18-2-1995, சனி

சுப்பராயலு என்னைப் பார்க்க வந்தார். ஜோசியர். அவருடைய பஞ்சாங்கம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது. அவர் எழுத்துப் பிழைகளை நான் திருத்துகிறேன், என் தலையெழுத்தை அவர் திருத்துகிறார். இதுவரை கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

வாயில் வெற்றிலையோடு என் கட்டத்தைப் பார்த்தார். சனி எங்கோ நிற்கிறதாம். தனக்கோடி கதவோரம் நின்று என்ன செய்யலாம் என்று கேட்டாள். “ஒம்பது வாரம், சனிக்கிழமை சனிக்கிழமை மீனை விட்டுடணும்மா” என்றார். வெற்றிலைச் சாறு சட்டையில் விழுந்ததால் அதற்கு மேல் விளக்கம் வரவில்லை.

25-2-1995, சனி

மீனை விடுவது என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். தமிழில் சாப்பிடுவதை நிறுத்துவதும் விடுவதுதான், தண்ணீரில் இறக்கிவிடுவதும் விடுவதுதான். தனக்கோடி இரண்டையும் செய்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று. அதற்கும் மேலே தன் கைக்காசாக ஒன்று சேர்த்துக்கொண்டாள்: ஒன்பது வாரம் இல்லை, நான் இருக்கிறவரை மீனைத் தொட மாட்டாளாம். விராலின் தலைக்காக என்னோடு சண்டை போட்டவள்.

காலையில் பம்மல் மார்க்கெட்டுக்குப் போய் உயிர்மீன் வாங்கி வந்தாள். அண்டாவில் உயிரோடு இருந்தவை இரண்டே சாதியாம். விராலைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும், பரிகாரம் கெட்டுவிடும் என்று இன்னொன்றை வாங்கியிருக்கிறாள். கருப்பாக, வழவழப்பாக, மீசையோடு. பித்தளைக் குடத்துக்குள் அது சுற்றியது. எனக்கென்னவோ ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மாதிரி இருந்தது.

கரைக்குப் போய்ச் சித்தேரியில் விட்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு மீன் என் சார்பில் நீந்திப் போவதைப் பார்க்கும்போது நெஞ்சில் என்னவோ செய்தது. வலி இல்லை.

1-3-1995, புதன்

பொன்னியம்மாள் கூடையோடு வந்தாள். அவளும் புருஷன் குப்புராஜும்தான் வருடா வருடம் சித்தேரியின் மீன்பிடியை ஏலத்தில் எடுக்கிறவர்கள். தனக்கோடி வாசலுக்கே போகவில்லை. உள்ளே இருந்தபடி, “மீனை விட்டுட்டேன் பொன்னி” என்றாள்.

“நல்லதுக்கா. சாருக்கு ஒடம்பு தேறட்டும்” என்று அவள் போய்விட்டாள்.

தனக்கோடி சொன்னது முழுக்க உண்மை. பொன்னியம்மாள் காதில் பாதிதான் போயிருக்கும்.

22-4-1995, சனி

ஒன்பதாவது மீன். வீட்டில் கத்தரிக்காய் ஆட்சி தொடர்கிறது.

28-4-1995, வெள்ளி

இ.சி.ஜி. படத்தைப் பார்த்து டாக்டர், “வெரி குட்” என்றார். தனக்கோடி அவருக்கு நன்றி சொன்னாள், ஆனால் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. சித்தேரி இருக்கும் திசை.

17-6-1995, சனி

நான் பிழைத்தது தெருவுக்கே நல்லதாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ் பேபி, தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒரு மீன் விட்டாள். ஞாயிறு காலை கோயிலுக்குப் போகிற குடும்பம், ஏசுவின் பெயரால்தான் விட்டாளாம். மீனுக்கு மதம் தெரியாது. மூன்றாவது வீட்டில் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு கணக்கு, எதிர் வீட்டில் மாமியாருக்கு முழங்கால். எல்லோரும் வாங்குவது அதே மீசைக்காரரைத்தான், விராலில் மூன்றில் ஒரு பங்கு விலை. சனிக்கிழமை காலையில் கரையில் குடங்களின் வரிசை. குழாயடி மாதிரி, ஆனால் சண்டை இல்லை.

தனக்கோடிக்குப் பெருமை. எப்படிக் குடத்தைச் சாய்ப்பது என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

3-10-1995

பேபியின் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. மீன் வாங்க மார்க்கெட்டில் கூட்டம்.

10-3-1996, ஞாயிறு

ஏரி பாதி வற்றிவிட்டது. இந்த மாதம்தான் குப்புராஜுக்கு அறுவடை. காலையில் நடக்கப் போனபோது பொன்னியம்மாள் கரையில் உட்கார்ந்திருந்தாள். கூடையில் இருந்தது விரால் இல்லை. ஒரு முழத்துக்கு மேல் நீளம், கருப்பு, மீசை.

“இன்னா சார் இது? வலை போட்டா இதுவேதான் வருது. வெராலும் இல்ல, கெளுத்தியும் இல்ல. எல்லாத்தையும் துண்ணுட்டு இன்னும் வாயத் தெறந்துகினு கீது.”

யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். சேற்று வாடை, செத்த மாட்டைத் தின்னும் மீன் என்று பேச்சு. இந்த வருடம் இப்படிப் போனால் அடுத்த ஏலம் எடுக்க வழியில்லை. மறுபடி தோல் பதனிடும் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றாள். கல்யாணத்துக்கு முன் அங்கே வேலை செய்தவள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சுண்ணாம்பு தின்ற வடு இன்னும் இருக்கிறது. “இந்தக் கைய அதுல வெக்க சொல்றியா சார்?” என்றாள், நான்தான் வைக்கச் சொன்னது மாதிரி.

நான் குனிந்து கூடையைப் பார்த்தேன். எங்கோ பார்த்த முகம்.

“எங்கேயிருந்து வந்துது?” என்று கேட்டேன்.

மேலே கை காட்டினாள். ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஃபாரின் மீன் சார். வேற எப்படி வரும்? அதுலேர்ந்துதான் வுயுந்துது.”

சிரிப்பு வரவில்லை. வேறு ஊராக இருந்தால் இந்த யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது. பொழிச்சலூரில் வெளிநாட்டுச் சரக்கு எதுவுமே மேலேயிருந்துதான் வருகிறது. “இருக்கலாம்” என்றேன்.

16-6-1996, ஞாயிறு

ஜூனில் இப்படி ஒரு மழை பார்த்ததில்லை. சித்தேரி நிரம்பி, உபரி நீர் கலங்கல் வழியாக வழிகிறது. அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடி அனகாபுத்தூர்ப் பக்கம் அடையாற்றில் சேரும். ராத்திரி தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காலையில் எதிர் வீட்டு வாசலில் அந்த மீன் ஒன்று துடுப்பை ஊன்றித் தரையில் ஊர்ந்து போனது. முழங்கால் சரியாக வேண்டும் என்று விட்ட மாமியாரின் வாசல். அவர் இன்னும் கைத்தடிதான், மீன் நன்றாக நடக்கிறது.

விமானக் கதை உறுதியாகிவிட்டது. மழையில் நனைந்த விமானங்கள் பாரம் குறைக்கின்றன என்று பேபி வீட்டில் பேச்சு.

21-6-1996, வெள்ளி

விலங்கியல் பேராசிரியர் வில்பிரட் கல்லூரிக் கேள்வித்தாள் மெய்ப்பு பார்க்க அச்சகத்துக்கு வந்தார். நண்பர் ஒருவருக்காகக் கேட்பது போல அந்த மீனை விவரித்தேன்.

“ஆப்பிரிக்கன் கெளுத்தி சார். படப்பை பக்கம் குட்டை வெட்டி வளர்க்கறாங்க. கோழிக்கடை குடலைப் போட்டா போதும், ஆறு மாசத்துல தொடை தண்டி வளரும். ஏரில போச்சுன்னா முடிஞ்சுது. விரால் குஞ்சு, கெளுத்தி, தவளை, ஒண்ணையும் விடாது. தண்ணி வத்தினா சேத்துக்குள்ள படுத்துக்கும். மழை வந்தா எந்திரிச்சு அடுத்த ஏரிக்கு நடந்துடும்.”

இந்த மழையில் படப்பைக் குட்டைகள் உடைந்து ஆற்றில் சேர்ந்திருக்கும், இனி அடையாறு முழுக்க இதுதான் என்றார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு ஞாபகம் வந்தது. பொன்னியம்மாள் கூடையில் நான் பார்த்தது மார்ச்சில். மார்ச்சில் மழை இல்லை.

“யாரோ ஒரு புண்ணியவான் ஏரியில விட்டிருப்பான்” என்றார் வில்பிரட்.

“புண்ணியவதி” என்று திருத்தினேன், மனசுக்குள்.

22-6-1996

தனக்கோடியிடம் சொல்லவில்லை.

19-1-1997, ஞாயிறு

குப்புராஜும் பொன்னியம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். விமான நிலையத்துக்கு மனு எழுதித் தர வேண்டுமாம். மீனைக் கொட்டியதற்கு நியாயம் கேட்கப் போகிறார்கள். நல்ல தமிழ் எழுதுகிறவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் என்று பேபி சொல்லியிருக்கிறாள்.

மறுக்க வாய் வரவில்லை. மீன் வந்த காரணத்தைச் சொல்லவும் வரவில்லை. தனக்கோடி அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். தோல் ஷெட்டில் பேசிவிட்டதாகவும் மாசியில் சேரச் சொல்லியிருப்பதாகவும் பொன்னியம்மாள் சொன்னாள். “ஏரோபிளான்காரன் எதனா பண்ணா வேணாம்னு சொல்லிடுவேன்” என்றாள்.

மனுவை ஆரம்பித்தேன். ‘மேற்படி மீனானது வானூர்தியிலிருந்து தவறி விழுந்திருக்கக்கூடும் எனப் பணிவுடன் நம்பப்படுகிறது.’ செயப்பாட்டு வினை என்பது எவ்வளவு வசதியான இலக்கணம். யார் நம்புவது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

21-1-1997, செவ்வாய்

எப்போதும் எழுதியதை வாய்விட்டுப் படித்துத்தான் பிழை பார்ப்பேன். முப்பது வருடப் பழக்கம். இன்று மனுவையும் அப்படித்தான் படித்தேன். தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

‘செதிலின்றி, கருமையான வழவழப்பான தோலுடன், வாயைச் சுற்றிப் பல மீசைகளுடன், நீரிலிருந்து எடுத்த பின்னரும் வெகு நேரம் உயிர் தரிக்கும்—’

கீரை நின்றுவிட்டது.

“இன்னொரு தபா படிங்க.”

படித்தேன். வேகமாக.

“பல இல்ல. எட்டு” என்றாள். “குடத்துக்குள்ள வெச்சு எண்ணியிருக்கேன்.”

நான் ‘பல’வை அடித்து ‘எட்டு’ என்று எழுதினேன்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

22-1-1997

பேசவில்லை அவள். சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், பேசவில்லை.

எதுக்கு மறைச்சேன்? அவ மனசு நோகக் கூடாதுன்னு. அப்படித்தான் ஏழு மாசமா எனக்கே சொல்லிக்கிட்டு வந்தேன். நிஜமா அதுதானா? — எனக்காக ஒருத்தி ஒன்பது சனிக்கிழமை குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தா. அதனாலதான் நான் பிழைச்சேன்னு அவ நம்பினா. வெளியில சிரிச்சாலும் எனக்கு அது பிடிச்சிருந்துது. ஈ.சி.ஜி. படத்தைவிடப் பிடிச்சிருந்துது. அதைப் போய் யார் கெளுத்தின்னு சொல்லுவாங்க?

மேலே ‘ஈ.சி.ஜி.’ என்று எழுதியிருக்கிறேன். ‘இ.சி.ஜி.’

24-1-1997, வெள்ளி

சுப்பராயலு பஞ்சாங்கக் கட்டோடு அச்சகத்துக்கு வந்தார். ஏரியில் மீன் விடச் சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் முழித்தார். “நான் எங்கே ஏரியில விடச் சொன்னேன்? திங்கறதை விடச் சொன்னேன். புரட்டாசியில விடறோம் இல்ல, அந்த மாதிரி” என்றார். ஆனாலும் இரண்டு வருடமாக ஜனங்கள் விட்டுப் பலன் கண்டிருக்கிறார்கள், ஆகவே அதுவும் சாஸ்திரம்தான் என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தனக்கோடி மூன்று நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“அப்போ எதுனால பொழைச்சீங்க? சாப்பிடாம விட்டதா, ஏரியில விட்டதா?”

தெரியவில்லை, மாத்திரையாலும் இருக்கலாம் என்றேன்.

“மாத்திரையும் நான்தானே குடுத்தேன்” என்றாள்.

25-1-1997, சனி

காலையில் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்கவில்லை, கூடவே போனேன். கரையில் பொன்னியம்மாள் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடையில் அதே மீன்கள், ஈரச் சாக்கின் கீழ் நெளிந்துகொண்டு.

தனக்கோடி எதையும் சுற்றி வளைக்கவில்லை. “ஏரோபிளேன் இல்ல பொன்னி. நான்தான் விட்டேன். அவருக்கு நெஞ்சு வலி வந்தப்போ. தெருவுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

பொன்னியம்மாள் வலையை மடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் திட்டத் தெரியும், ஏரிக்கரையே அறியும்.

“எங்கைல ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒம்பது வெரால் குடுத்திருப்பனேக்கா. சும்மாவே. சாருக்குன்னா குடுக்க மாட்டனா?”

அவள் திட்டியிருக்கலாம்.

தனக்கோடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையில் இருப்பதை எல்லாம் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள், இனி எல்லா வாரமும். பொன்னியம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“துண்ணாதவளுக்கு நான் மீன் விக்க மாட்டேன். வாங்கினு போயி குப்பையில கொட்டுவ. நான் இன்னா பிச்சையா கேட்டேன்?”

அங்கேதான் நின்றுபோனது. தனக்கோடியால் சாப்பிட முடியாது. சாப்பிட்டால் என் ஆயுளுக்கு அவள் கொடுத்த வாக்கு உடையும். நானே சாப்பிடுகிறேன் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பேச்சின் நடுவே புகுந்த குழந்தையைப் பார்ப்பது போல. உப்பு போடாத மீனை நான் ஒருவன் தின்று, இது நல்ல மீன் என்று ஊருக்கு யார் சொல்வது?

“மூஞ்சியப் பாருக்கா” என்றாள் பொன்னியம்மாள் கடைசியில், ஒரு மீனைத் தூக்கி. “செதிலு கீதா? தரையில நடக்குது. காத்தத் துண்ணுது. இது மீனே இல்ல. நீ வுட்டது மீனத்தான? இத யாரு வுட்டா?”

கெளுத்திக்கும் செதில் கிடையாது, அதைக் காலம் காலமாக மீன் என்றுதான் விற்கிறாள். பிழை பார்ப்பது என் தொழில். முதல் தடவையாக ஒன்றைப் பார்த்தும் திருத்தாமல் விட்டேன்.

தனக்கோடி மீனை வாங்கவில்லை.

28-1-1997

மனுவைக் கிழித்துவிட்டேன். விமானங்கள் வழக்கம்போலப் போகின்றன.

2-2-1997, ஞாயிறு

காலையில் பொன்னியம்மாளைத் தனக்கோடியே போய்க் கூப்பிட்டு வந்தாள். கொல்லையில் சாம்பலும் கல்லுப்பும் போட்டு இரண்டு பேரும் அந்த மீனைத் தேய்த்தார்கள். தோலை உரித்து, மஞ்சளில் ஊறப்போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து. சேற்று வாடை போவதற்கு அனகாபுத்தூரில் ஏதோ வழி உண்டாம், வேப்பிலை உருவிப் போட்டாள். பேபி மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள், பிறகு மூக்கை விட்டுவிட்டாள்.

தனக்கோடி என்னைக் கூடத்தில், தனக்கு எதிரே, நாற்காலியில் உட்கார வைத்தாள். எனக்கு முதலில் பரிமாறவில்லை. தனக்கு இலை போட்டுக்கொண்டாள். பொன்னியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மீனே இல்லை என்று இரண்டு பேரும் பேசி முடித்த விஷயம்தான். ஆனால் தனக்கோடி மீனைப் பார்த்துச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் நெஞ்சைப் பார்த்தாள், சட்டைப் பை இருக்கும் இடத்தை. நான் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, எவ்வளவு தெரியும்படி மூச்சு விட முடியுமோ அவ்வளவு தெரியும்படி விட்டேன்.

முழு இலையும் சாப்பிட்டாள். “முள்ளு கம்மி” என்றாள் பொன்னியம்மாளிடம். “பேபி, ஒரு துண்டு டேஸ்ட் பாரு.”

சாயங்காலம் வரை என்னை எழுந்திருக்க விடவில்லை. நான் இருந்தேன்.

12-3-1997, புதன்

எதிர் வீட்டு மாமியாரும் வாங்கினார். முழங்காலுக்கு நல்லது என்று தனக்கோடி சொல்லியிருக்கிறாள். எந்த ஆதாரத்தில் என்று நான் கேட்கவில்லை.

15-2-1998, ஞாயிறு

ஏலத்தைப் பொன்னியம்மாள்தான் எடுத்திருக்கிறாள். குப்புராஜ் மட்டும் வாரத்தில் சில நாள் தோல் ஷெட்டுக்குப் போகிறான். அவள் போகவில்லை. எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் மீசைக்காரரைச் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டன. எவ்வளவு தின்றாலும் ஏரியில் அது தீரவில்லை. அனகாபுத்தூரில் தனக்கோடியின் அண்ணன் தூண்டிலிலும் அடையாற்றில் அதுவே சிக்குகிறதாம். சித்தேரியில் இந்த வருடமும் விரால் இல்லை. பொன்னியம்மாள் போன வாரம் கை நீளத்துக்கு ஒரே ஒரு விராலைப் பார்த்ததாகச் சொன்னாள். பிடித்தாயா என்று தனக்கோடி கேட்டாள். “வுட்டுட்டேன்” என்றாள். இந்தத் தடவை யாருக்கும் அர்த்தத்தில் சந்தேகம் இல்லை.

சுப்பராயலுவின் புதுப் பஞ்சாங்க மெய்ப்பு வந்திருந்தது. பரிகாரப் பகுதியில் ஒரு வரி: ‘சனி தோஷ நிவர்த்திக்கு மீனை விட வேண்டும்.’ ‘உண்பதை’ என்று ஒரு சொல் சேர்க்கப் பேனாவை எடுத்தேன். சேர்த்தால் ஏரி பிழைக்கும், பொன்னியம்மாள் கூடை நின்றுவிடும். சேர்க்காவிட்டால் சனிக்கிழமைக் குடங்கள். முழு வரியையும் அடித்துவிட்டேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

மத்தியானம் குழம்பு. இப்போதெல்லாம் எனக்கும் இலை உண்டு, உப்பு குறைவாக. தனக்கோடி பேச்சும் சிரிப்புமாகத்தான் சாப்பிடுகிறாள். முதல் வாய்க்கு மட்டும் இன்னும் என்னைப் பார்க்கிறாள்.